இன்னொரு கரண்டி

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

போனில் பேசினால் நீ கத்துகிறாய், நான் அழுகிறேன், சொல்ல வந்தது நின்றுபோகிறது. அதனால் எழுதுகிறேன். மாற்றலாகி இந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து நான்கு நாள் ஆகிறது. புதுக் கணக்கு டீச்சரைப் பார்த்துப் பிள்ளைகள் முகம் தொங்கிப்போயிருக்கிறது. வாடகை வீடு பரவாயில்லை. அப்பாவுக்கென்று ஒரு அறையை ஒழித்து வைத்திருக்கிறேன்.

டாக்டர் சொன்னதை மறுபடி சொல்கிறேன். அப்பாவின் இதயம் பலவீனம். உப்பு கூடினால் உடம்பில் நீர் கோத்து நுரையீரல் வரைக்கும் ஏறும். நாள் முழுதுக்கும் அரைத் தேக்கரண்டி உப்புதான். சூப் என்றால் ஒரு கிண்ணம், அதற்கு மேல் கிடையாது. தினமும் காலையில் எடை பார். ஒரு வாரத்தில் இரண்டு கிலோ ஏறினால் நான் வந்து அவரை அழைத்துக்கொண்டு போய்விடுவேன். எதிர்வீட்டுத் தையல்காரரோடு சீட்டாடாவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது, அந்த வீட்டை விட்டுக் கிளப்பினால் ஒடிந்துபோவார் என்று எனக்கும் தெரியும். அதனால்தான் உன்னை நம்பி விட்டுவந்தேன்.

நீ சாப்பாட்டு ராமன். முப்பத்தெட்டு வயது வரைக்கும் வெந்நீர்கூட வைத்ததில்லை. கோபப்படாமல் கற்றுக்கொள்.

உன் அக்கா

மார்ச் 9

அக்காவுக்கு,

முதல் நாள் சோறு குழைந்தது, இரண்டாம் நாள் அடி பிடித்தது, மூன்றாம் நாள் இரண்டும் ஒரே பாத்திரத்தில். கல்யாண வீடுகளில் சமையல்காரர் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார். அப்பேர்ப்பட்டவன் கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் வெட்டுவது என்று முழித்தேன். அப்பா திரும்பி உட்கார்ந்து சிரித்தார்.

உன் அளவுப்படி உப்பைக் காலையிலேயே சின்ன டப்பாவில் எடுத்து வைக்கிறேன். முதல் இரண்டு நாள் அப்பா சாப்பிட்டதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. மாத்திரை விழுங்குவது போல விழுங்கினார். ருசியில்லாமல் ஒரு மனுஷன் எதற்குச் சாப்பிட வேண்டும், சொல்லு.

ஆனால் வியாழக்கிழமையிலிருந்து கை கூடிவந்துவிட்டது. பருப்பும் காயும் போட்டு ஒரு சூப். அப்பா ரசித்துச் சாப்பிட்டார். கிண்ணத்தை வழித்துவிட்டு, "இன்னொரு கரண்டி ஊத்துடா" என்றார். ஊற்றினேன். அக்கா, அந்த வார்த்தையை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். என்னிடம் ஒருத்தர் சொன்னது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் எனக்குப் பசியே இல்லை.

தம்பி

மார்ச் 13

அன்புள்ள தம்பிக்கு,

படித்துச் சிரித்தேன். இரண்டாம் முறை படித்தபோது சிரிப்பு வரவில்லை. அதே அளவு உப்பில் இரண்டு வருஷம் நான் சமைத்துப் போட்டேன். அப்பா ஒரு நாள்கூட இன்னொரு கரண்டி கேட்டதில்லை. ஒரே வாரத்தில் உனக்கு எப்படிக் கை கூடியது? பொறாமை என்று நினைத்தாலும் நினைத்துக்கொள். அந்தச் சூப்பில் என்னென்ன போடுகிறாய் என்று ஒவ்வொன்றாக எழுது.

எடையை நீ எழுதவே இல்லை. இத்தனை கதை எழுதத் தெரிந்தவனுக்கு ஒரு எண் எழுத வராதா? கணுக்காலில் கட்டைவிரலால் அழுத்திப் பார். குழி விழுந்தால் உடனே டாக்டரிடம் கூட்டிப்போ.

அக்கா

மார்ச் 17

அக்காவுக்கு,

எனக்கும் பரீட்சை வைக்கிறாயா? டப்பாவில் இருக்கும் உப்புக்கு மேல் ஒரு சிட்டிகை போடவில்லை என்று சத்தியம் பண்ணத் தயார். நீ சமைத்தது அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் என்மேல் ஏன் பாய்கிறாய்? எடை மெஷினில் முள் ஆடுகிறது, நம்ப முடியவில்லை. அப்பா நன்றாக இருக்கிறார். சீட்டில் தையல்காரரைத் தினமும் தோற்கடிக்கிறார். செருப்பு இறுக்குகிறது என்று நேற்றுச் சொன்னார், வெயிலுக்கு இருக்கும்.

தம்பி

மார்ச் 20

தம்பி,

செருப்பு இறுக்குகிறதா? வெயிலா? ஏழு தடவை போன் பண்ணிவிட்டேன், நீ எடுக்கவில்லை. லீவு சொல்லிவிட்டேன். நாளைக்குக் கிளம்புகிறேன்.

அக்கா

மார்ச் 22

அக்கா,

ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ உள்ளே அப்பா பக்கத்தில் இருக்கிறாய். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாததால் இதை உன் கைப்பையில் வைக்கப்போகிறேன்.

நேற்றுக் காலை பல் தேய்க்கும்போதே மூச்சு வாங்கியது என்று மட்டும்தான் உன்னிடம் சொன்னேன். அந்தச் சூப்பில் கடையில் விற்கிற சூப் கட்டி போட்டேன். ஒரு சட்டிக்கு இரண்டு. கட்டியில் பாதிக்குப் பாதி உப்பு. டப்பாவைத் தொட்டுச் சத்தியம் பண்ணத் தயாராக இருந்தது அதனால்தான். "புதுசா சமைக்கிறவருக்கு இதெல்லாம் தெரியாதுதான்" என்று டாக்டர் தேற்றினார். நானும் தலையாட்டினேன்.

எனக்குத் தெரியும், அக்கா. அச்சகத்தில் பிழை பார்க்கிறவன் நான். அட்டைப்பெட்டிகளின் பொடி எழுத்தைப் படிப்பதுதான் என் பிழைப்பு. கட்டி வாங்கிய மறுநாளே பெட்டியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டேன். படித்துவிட்டுத் திருப்பி வைத்தேன். அப்பா கிண்ணத்தை நீட்டுவார், அந்த வார்த்தையைச் சொல்லுவார் என்று தினமும் காத்திருந்தேன். எடை மூன்று கிலோ ஏறியிருந்தது. மெஷினில் கோளாறு எதுவும் இல்லை.

தம்பி

மார்ச் 29

தம்பிக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. அப்பா இங்கே வந்து நான்கு நாள் ஆகிறது. வீக்கம் வற்றிவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து தனியாகச் சீட்டை அடுக்கி அடுக்கிக் கலைக்கிறார். சாப்பாட்டில் பாதியை ஒதுக்குகிறார். உன்னைக் கேட்டார், வேலை என்று சொன்னேன்.

தெரியாமல் செய்திருந்தால் அன்றைக்கே மன்னித்திருப்பேன். இப்போதைக்கு வராதே. எழுதவும் வேண்டாம்.

அக்கா

மே 10

அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்றை மட்டும் படித்துவிடு.

அப்பா உன் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கும் அதே அரைத் தேக்கரண்டி உப்புதான். முதல் வாரம் பைத்தியம் பிடிக்காத குறை. கேன்டீன் வாசனைக்குக் கால் தானாக உள்ளே போய்விடும் என்று பயந்து பின்வாசல் வழியாகப் போய்வந்தேன். மூன்றாம் வாரம் வெங்காயம் இனித்தது. நிஜமாகவே இனித்தது. இத்தனை வருஷம் நான் ருசி ருசி என்று பீற்றிக்கொண்டதில் பாதி வெறும் உப்பு.

வெங்காயத்தைச் சின்னத் தீயில் முக்கால் மணி நேரம் வதக்கு. அவசரப்படாதே, நீ அவசரக்காரி. பூண்டையும் தக்காளியையும் தோல் கருகச் சுட்டுப் பிசைந்து போடு. வெந்த பருப்பைச் சேர்த்து இறக்கியபின் எலுமிச்சை பிழி. அந்த வேளைக்குரிய உப்பைக் கொதிக்கும்போது போடாதே, கிண்ணத்தில் ஊற்றியபின் மேலே தூவு. கொஞ்ச உப்பும் நாக்குக்கு உடனே தெரியும். முப்பது தடவை செய்து பார்த்துவிட்டேன்.

நீயே செய்து கொடு. என் பெயரைச் சொல்லாதே. அப்பா என்ன சொன்னார் என்று எனக்கு எழுதாதே. அதைக் கேட்கும் ஆசைதான் அவரைப் படுக்க வைத்தது.

தம்பி

மே 18

அன்புள்ள தம்பிக்கு,

நீ எழுதியதை நம்பாமல், ஒவ்வொன்றையும் நானே அளந்து சமைத்தேன். அப்பா ஒரு வாய் வைத்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கிண்ணம் காலியானதும் நீட்டினார். "இன்னொரு கரண்டி ஊத்தும்மா."

இரண்டு வருஷம் நான் ஏங்கிய வார்த்தை. என் கை கரண்டியை எடுத்தேவிட்டது. அன்றைக்கு நீ எப்படி ஊற்றினாய் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கரண்டியைக் கீழே வைத்து, "ஒரு கிண்ணம்தாம்ப்பா" என்றேன். சாயங்காலம் வரைக்கும் அவர் என்னோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வா. நீயே சமைத்து நீயே பரிமாறு. உன்னிடமும் கேட்பார், கெஞ்சியே கேட்பார். "இல்லப்பா" என்று நீ சொல்வதை நான் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். அப்பா எந்த வீட்டில் இருப்பது என்று அதற்கப்புறம் பேசுவோம்.

உன் அக்கா