பீரோ வைக்க ஓர் இடம்

பாய்,

நீங்கள் கண்மூடிய பிறகு பூட்டிக் கிடந்த அந்த வீட்டுச் சாவியைப் போன வாரம் உங்கள் மகன் என் மேசையில் வைத்தான். "மாமா, நான் இனிமே இங்க வரப் போறதில்ல. நீங்களே பாத்து வித்துக் குடுங்க" என்றான். அதே நீளச் சாவி. பால்கார அம்மா கட்டிவைத்த மாட்டுக் கயிற்றுத் துண்டும் அப்படியே இருக்கிறது. இத்தனை வருடமாக நீங்கள் அதை அவிழ்க்கவே இல்லை போல.

அது இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த காலம். கள்ளக்குறிச்சியில் வீடு பார்க்க வருகிறவன் கிணற்றை எட்டிப் பார்க்கும் முன் "தெருவுல யார் யாரு இருக்காங்க?" என்பான். பதில் எதுவானாலும் "நெலம சரியாவட்டும்" என்று போய்விடுவான். வீட்டுத் தரகை விட்டால் எனக்கு வேறு பிழைப்பில்லை. அதனால்தான் இரும்புக்கடை வைத்திருந்த உங்களைக் கூப்பிட்டேன்.

தொழிலில் பலரும் செய்ததுதான். நிஜமாக வாங்க வந்த பார்ட்டி வீட்டைப் பார்க்கும்போது தற்செயலாக வந்ததுபோல இன்னொருவர் வந்து ஆசைப்பட வேண்டும். அப்போதுதான் ஆறிக்கிடப்பவனுக்குச் சூடு பிடிக்கும்.

அந்த வீடு அப்போது பால்கார அம்மாவுடையது; ஒரே ஒரு பசுவை வைத்துக்கொண்டு தனியாக இருந்தார். மகன் வெள்ளிமலையில் வாத்தியார், ஒற்றை அறையில் குடியிருந்தான். இந்த வீட்டை விற்று அங்கே ஒரு வீடு கட்டினால்தான் அம்மா அவனோடு போய் இருக்க முடியும். கலாட்டா நாட்களில் தனியாக இருக்கப் பயந்துபோயிருந்தார்.

மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலை கிளார்க் ஒருவரை அழைத்து வந்திருந்தேன். நீங்கள் வந்தீர்கள். சுவரைத் தட்டினீர்கள், அறையை ஜாண் ஜாணாக அளந்தீர்கள். "இங்க பீரோ வெச்சா கதவு தொறக்குமா?" என்று அந்த அம்மாவையே கேட்டீர்கள். "எனக்குப் புடிச்சிருக்குயா, முடிச்சிடு" என்றீர்கள்.

கிளார்க் குடையை எடுத்துக்கொண்டார். "பாய்க்கு அவ்ளோ ஆசன்னா அவரே எடுத்துக்கட்டும்."

டீக்கடையில் நீங்கள் சிரித்துக்கொண்டே, "ஜாஸ்தி நடிச்சிட்டேனாயா?" என்று கேட்டீர்கள்.

மறுநாள் போராட்டக்காரர்கள் ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டார்கள். பஸ் நின்றது, கடைகள் மூடின. பால்கார அம்மாவின் வீடு எனக்கு இரண்டு தெரு தள்ளி. போய், பாய் வாங்கப் போவதில்லை என்று சொல்லியிருக்கலாம். நானாகப் போய் எதற்குச் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

பஸ் ஓடத் தொடங்கியதும் அவரே உங்கள் கடைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"பாய், மாட்ட பக்கத்து வூட்டுக்கே குடுத்துட்டேன். மூட்டையெல்லாம் கட்டிக்கினு ஒக்காந்திருக்கேன். நீங்க எப்ப வர்றீங்க?"

"அது வந்தும்மா, பாய் இன்னும்..." என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி என்னை நிறுத்தினீர்கள்.

"வெள்ளிக்கெழம தொழுகை முடிச்சிட்டு வர்றேம்மா."

அவர் போனதும் நான் கத்தினேன். "இன்னா பாய், புத்தி கெட்டுப்போச்சா? கடைக்குப் பக்கத்து மனைய வாங்கத்தான அந்தப் பணத்த வெச்சிருந்தீங்க!"

"புடிச்சிருக்குன்னு சொன்னது நீயா? நான்தானே? என்னை நம்பி மாட்ட அவுத்துட்டாங்க. இப்ப எந்த வாயால இல்லன்றது?" கல்லாவைப் பூட்டிக்கொண்டே, "பீரோவுக்கு எடங்கூட பாத்தாச்சேயா" என்றீர்கள்.

உங்களிடமும் கமிஷன் வாங்கினேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பக்கத்து மனையை வேறொருவர் வாங்கினார். உங்கள் கடை கடைசிவரை அதே அகலத்தில்தான் இருந்தது. தொழில் கணக்கில் பார்த்தால் நீங்கள் செய்தது தப்பு. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு நான் ஆள் வைத்து வீடு காட்டவில்லை. யோக்கியனாகிவிட்டேன் என்று இல்லை. உங்களைப்போல் நடிக்க ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொள்வேன்.

இப்போதும் வியாபாரம் படுத்துக் கிடக்கிறது. இன்று மாலை ஒரு கணவன் மனைவிக்கு உங்கள் வீட்டைத் திறந்து காட்டினேன். அந்தப் பெண்ணுக்குப் பிடித்திருந்தது, முகத்தில் தெரிந்தது. கணவர்தான் இழுத்தார்.

"வேற யாராச்சும் பாத்துக்கினு இருக்காங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், முடிந்திருக்கும். என் வாய்க்குப் பழக்கமான வார்த்தைதான்.

"இல்லீங்க. நீங்கதான்."

யோசித்துச் சொல்வதாகப் போய்விட்டார்கள். வீட்டைப் பூட்டும் முன் ஒருமுறை உள்ளே போய் நின்றேன். சாவி சட்டைப்பையில் இருக்கிறது, கயிற்றோடு. பீரோவை நீங்கள் காட்டிய இடத்தில்தான் வைத்திருக்கிறீர்கள், பாய். கதவு திறக்கிறது.