அழகுபடுத்திய முகவரி

மார்ச் 2

அன்பு நூல்கண்டுக்கு,

சுரங்கப்பாதை மலைக்குள் இன்னும் இருநூறு அடி போயிருக்கிறது. கூடவே நானும் போயிருக்கிறேன். வெடிமருந்து இருக்கிற இடம் என்பதால் எல்லோருடைய போனையும் வாங்கி ஆபீஸ் அலமாரியில் பூட்டிவிட்டார்கள். கையில் இருந்தாலும் இங்கே சிக்னல் கிடையாது. வாரத்துக்கு ஒருமுறை வரும் சாமான் லாரிதான் நமக்குத் தபால்காரர்.

உனக்கு ஒரு வேலை. உன்னிடம் விட்டுவந்த என் பழைய போனில் கிரிப்டோ இருக்கிறதல்லவா, பெரிய பங்களா கேட்டுக்கு வெல்டிங் செய்ததற்குக் கூலியாக வந்ததே, அதை முழுதாக அனுப்ப வேண்டும். இங்கே என்னோடு வேலை செய்யும் கூட்டாளியும் நானும் சேர்ந்து மலையடிவாரத்தில் சொந்தமாக வெல்டிங் பட்டறை போடப்போகிறோம். அதில் என் பங்கு இது. என்ன, இன்னும் மூன்று வருஷம் நான் இங்கேயே இருக்கவேண்டி வரும்.

காசு போய்ச் சேர வேண்டிய அவனுடைய வாலட் முகவரியைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் கலந்து நாற்பதுக்கு மேல் இருக்கும். முதல் நாலும் கடைசி நாலும் சரியா என்று பார்த்துவிட்டு அனுப்பு.

உன் அண்ணன்


மார்ச் 9

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் கடைக்கு வந்தபோது மருத்துவமனைக் கோட்டுகளில் பெயர் தைத்துக்கொண்டிருந்தேன். பதினெட்டு டாக்டர்கள். அவர்கள் எழுதிக் கொடுத்த சீட்டைக் கடைக்காரம்மா என் மெஷின் பக்கம் தள்ளி, "இந்தக் கிறுக்கலை மனுஷ எழுத்தா மாத்துடி" என்றார். தெரிந்ததுதானே, இங்கிலீஷில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்துகட்டி எழுதுவார்கள். நான்தான் எல்லாவற்றையும் ஒரே அளவாக்கித் தைக்க வேண்டும்.

நீ சொன்னதை அனுப்பிவிட்டேன். முதல் நாலும் கடைசி நாலும் பார்த்தேன், சரியாக இருந்தன. உன் கையெழுத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அம்மாவிடம் சொன்னேன். "கண்ணால பாக்காத காசு, கண்ணால பாக்காத ஆளுக்குப் போயிருச்சாக்கும்" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள்.

வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார். மகனுக்குக் கல்யாணமாம். வேறு வீடு பார்த்துக்கொண்டிருக்கிறோம். நீ எப்போதும்போல் கடை முகவரிக்கே எழுது.

உன் நூல்கண்டு


மார்ச் 15

நூல்கண்டு,

லாரி கிளம்புகிறது, அதனால் சுருக்கமாக. கூட்டாளி நேற்று ஆபீஸில் போனைக் கேட்டு வாங்கிக்கொண்டு அடிவாரத்துக்குப் போய்ப் பார்த்திருக்கிறான். ஒன்றும் வரவில்லை. "உன் தங்கச்சி அனுப்பினாளா, அனுப்பின மாதிரி கனவு கண்டாளா?" என்று கேட்கிறான். அவள் ஒரு தையலைக்கூடக் கோணலாக விடமாட்டாள் என்று சொல்லியிருக்கிறேன். போனில் என்ன இருக்கிறது என்று எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுது.

அண்ணன்


மார்ச் 21

அன்புள்ள அண்ணா,

உட்கார்ந்துகொண்டு படி.

உன் தாளையும் போனையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். நடுவில் ஓரிடத்தில் நீ போட்ட ஆறு எனக்குச் சின்ன 'பி'யாகத் தெரிந்திருக்கிறது. அப்படியே அடித்திருக்கிறேன்.

உடனே செல்போன் ரிப்பேர் கடைக்குப் போனேன். போனேன் என்றால் வாசல் வரைக்கும். அங்கே நின்றுகொண்டு ஒட்டியிருந்த விலைப்பட்டியலை நாலு தடவை படித்தேன். அதற்குள் கடைக்காரரே எட்டிப் பார்த்து, "உள்ள வாம்மா, நான் கடிக்க மாட்டேன்" என்றார்.

போனை வாங்கிப் பார்த்தார். "ஒரு எழுத்து தப்பா அடிச்சாலே ஆப் கத்தியிருக்குமே? பெருசும் சிறுசுமா எழுத்து கலந்து வர்றதே அதுக்குத்தான். எல்லாமே சின்ன எழுத்தா இருக்கே, அதான் அதுக்குத் தப்பு தெரியல. யாரு இப்படி மாத்தினது?"

"நான்தான்."

"ஏம்மா?"

"பாக்க அசிங்கமா இருந்துச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இருபது வருஷமா கடை வச்சிருக்கேன். அழகு பாத்துக் காசைத் தொலைச்ச முதல் ஆள் நீதான்."

திரும்ப வாங்க முடியாதா என்று கேட்டேன். "யார்கிட்டம்மா கேக்கிறது? அந்த முகவரி அநேகமா யாரோடதும் இல்ல. பூட்டு மட்டும் இருக்கு, அதுக்குச் சாவி செய்யவே இல்லன்னு வச்சுக்கோ. உள்ள போட்டாச்சு, அவ்வளவுதான்."

காசு வாங்காமல் அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதேன். அம்மாவும் அழ உட்கார்ந்தாள். கொஞ்சநேரத்தில், "எப்படி இருக்கும்னே தெரியாத காசுக்கு எப்படிடி அழுறது?" என்று எழுந்துவிட்டாள்.

உன் பட்டறை என்னால் போயிற்று அண்ணா. என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

நூல்கண்டு


ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணா,

மூன்று லாரி வந்து போயிருக்கும். உன் கடிதம் வரவில்லை. தபால்காரர் கடைக்குள் வரும்போதே என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிடுகிறார்.

வேறு வீடு கிடைத்துவிட்டது. இரண்டு அறை, ஒரு ஜன்னல். ஜன்னல் வழியாகப் பார்த்தால் இன்னொருவர் ஜன்னல். உன் வெல்டிங் முகமூடியை அம்மா ஆணியில் மாட்டியிருக்கிறாள். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் திடுக்கிடுகிறார்கள்.

கடையில் ஒரு மாற்றம். இப்போது தைப்பதற்கு முன் ஒவ்வொரு பெயரையும் அந்த ஆளிடமே சத்தமாக வாசித்துக் காட்டுகிறேன். கேட்டுவிட்டுச் சரி என்றால்தான் ஊசி இறங்கும். முதல் நாள் என் குரல் வெளியே வரவே இல்லை. ஹோட்டல் சமையல்காரர் ஒருவர், "என்னம்மா, என் பேரை ரகசியமா வச்சிருக்கியா?" என்றார். நேற்று இருபத்தாறு பெயர் வாசித்தேன்.

இதை உன்னிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. அதற்குத்தான் எழுதினேன்.

நூல்கண்டு


ஏப்ரல் 18

அன்பு நூல்கண்டுக்கு,

நான் எழுதாததற்குக் காரணம் கோபம்தான். சரியாக மூன்று லாரிக் கோபம். ஒரு கடிதம் எழுதிக் கிழித்தேன். அதில் இருந்ததை நீ படித்திருக்கக் கூடாது. கிழித்தது நல்லது.

கூட்டாளி வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டான். பட்டறைக் கதை முடிந்தது.

போன வாரம் சாப்பாட்டுக் கூடத்தில் உன் ரிப்பேர் கடைக் கதையை வாசித்துக் காட்டினேன். 'பாக்க அசிங்கமா இருந்துச்சு' என்ற இடத்தில் ஒருவனுக்குப் புரையேறிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை. விருந்தாளி வந்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுக்கிறவள், வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னதற்காக எட்டாவதோடு பள்ளிக்கூடத்தையே விட்டவள், தெரியாத கடைக்குள் போய் இத்தனை கேள்வி கேட்டிருக்கிறாள். இப்போது இருபத்தாறு பெயர் வேறு!

என் பங்குக்கு நானும் ஒன்று ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தாளை வெல்டிங் கையுறையைக் கழற்றாமல்தான் எழுதினேன். என் ஆறு ஆறாக இருந்திருக்க வாய்ப்பே இல்லை.

ஜூன் கடைசியில் இங்கே ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உன் மார்ச் 9 கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். பதினெட்டு டாக்டர், வீட்டுக்காரர் மகன் கல்யாணம், அம்மா காயப்போட்ட துணி, எல்லாம் இருக்கிறது. நான் எழுதிய மூன்று வருஷம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வேண்டுமென்றுதான் தப்பாக அடித்தாயா? உண்மையைச் சொல். எதுவானாலும் சரி, கோபப்பட இனி என்னிடம் லாரி மிச்சமில்லை.

உன் அண்ணன்


ஏப்ரல் 25

அன்புள்ள அண்ணா,

தபால்காரர் நீட்டிய கடிதத்தை அங்கேயே பிரித்துப் படித்துவிட்டு, "ஜூனா? ஜூன்லயேவா?" என்று கத்திவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. கடைக்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டு, "இவளுக்கு இவ்வளவு சத்தம் வருமா?" என்றார்.

நீ கேட்டதற்குப் பதில். வேண்டுமென்று செய்யவில்லை. அம்மாமேல் ஆணை. ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டும் என்றுதான் அடித்தேன். உன் பட்டறையில் உன் சட்டைக்கு நான்தான் பெயர் தைக்க வேண்டும் என்றுகூட நினைத்தேன். ஆனால் மூன்று வருஷத்தை நினைத்தால் நடு எழுத்தெல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்திருக்கலாம். பார்த்தால் இன்னும் அழுகை வரும் என்று, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பும் பொத்தானை அமுக்கிவிட்டேன். என் தப்பு அவ்வளவுதான். அதை உன்னிடம் மறைக்கவும் முடியவில்லை.

இதோடு ஒரு கைக்குட்டை வைத்திருக்கிறேன். அதில் நம் புது வீட்டு முகவரி இங்கிலீஷில் இருக்கிறது. தைப்பதற்கு முன் அம்மாவிடம் மூன்று தடவை சத்தமாக வாசித்துக் காட்டினேன். "எனக்குத் தெரியாதாடி நம்ம வீடு?" என்று திட்டினாள். பெரிய எழுத்தைப் பெரிதாகவும் சின்ன எழுத்தைச் சின்னதாகவும் அப்படியே விட்டிருக்கிறேன். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது.

அதைப் பார்த்து வந்து சேர். முதல் நாலையும் கடைசி நாலையும் மட்டும் பார்க்காதே, நடுவிலும் பார்.

உன் நூல்கண்டு