மாமன்றத்தில் தூக்கிய கைகள்

மார்ச் 4, செவ்வாய்

மாமன்றத்துக்கு நாற்காலி சொல்லியாகிவிட்டது. நூற்றிருபது பேர், இரண்டு நாள், நூற்றிருபது விதமான இருமல். மூன்று வருடத்துக்கு ஒருமுறை பேராயர் தலைமையில் குருமார்களும் சபையார்களும் கூடித் திருச்சபைக்குச் சட்டம் போடுவார்கள். பக்கத்து மேசையில் உட்கார்ந்து நான் குறிப்பு எழுதுவேன். பதினோரு வருட வேலை. எனக்கு ஓட்டும் கிடையாது, பேச்சும் கிடையாது. பேனா மட்டும் உண்டு.

மார்ச் 9, ஞாயிறு

திருவிருந்து ஞாயிறு. வழக்கம்போலக் கைப்பையைக் குட்டியிடம் கொடுத்துவிட்டு முன்னால் போனேன். குட்டி என் தங்கை. முப்பத்தெட்டு வயதாகியும் குட்டிதான். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சு வராது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறாள். அவள் வயதுப் பிள்ளைகள் சபை முன்னால் விசுவாசத்தைச் சொல்லித் திடப்படுத்தல் வாங்கியபோது, "அவளுக்கு எதுக்கு அதெல்லாம், ஆண்டவருக்குத் தெரியாதா" என்று அம்மா சொல்லிவிட்டாள். திடப்படுத்தல் ஆகாதவர்களுக்கு அப்பமும் இரசமும் கிடையாது.

திரும்பி வந்து கை நீட்டினேன். பையை மடியில் வைத்துக்கொண்டே கையால் கேட்டாள்: "நான் எப்போ போறது? இன்னும் எத்தன வருஷத்துக்கு உன் பையைக் காக்கணும்?"

சுருக்கென்றது. இத்தனை வருடத்தில் நான் ஏன் ஒரு தடவைகூட அவளைக் கேட்கவில்லை?

மார்ச் 11, செவ்வாய்

அவளைக் கூட்டிக்கொண்டு குருவானவரிடம் போனேன். நல்ல மனுஷன். "எனக்கு முழுச் சம்மதம். ஆனா திடப்படுத்தலுக்கு விசுவாசப் பிரமாணத்த வாயால சத்தமாச் சொல்லணும்னு மாமன்றத் தீர்மானம் இருக்கே. அத நான் மீற முடியாதே" என்றார்.

எந்த மாமன்றம் அப்படிப் போட்டது? கோபமாகத்தான் கேட்டேன். புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். என் கையெழுத்து.

ஒன்பது வருடத்துக்கு முந்தியது. பிள்ளைகள் பிரமாணத்தை வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறார்கள் என்று யாரோ புகார் சொல்ல, ‘வாயினால், உரத்த குரலில்’ என்று போட்டார்கள். ‘ஏகமனதாக நிறைவேறியது’ என்று எழுதி அடியில் கோடு வேறு போட்டிருக்கிறேன். அங்கே இருந்த யாருக்கும் இவள் ஞாபகம் வரவில்லை, அவர்களை விடு. அன்றைக்கும் வீட்டுக்கு வந்து இவளோடு உட்கார்ந்துதானே சாப்பிட்டிருப்பேன்? என் புத்தி எங்கே மேயப் போயிருந்தது?

குட்டி எழுத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

மார்ச் 12, புதன்

இன்னும் பேசவில்லை. அவள் கையைக் கட்டிக்கொண்டால் வீட்டில் பேச்சே இல்லை.

மார்ச் 15, சனி

குருவானவர் திருத்தம் கொடுத்திருக்கிறார்: வாய்பேச இயலாதவர்கள் சைகையால் அறிக்கையிடலாம். நானே தட்டச்சு செய்து நிகழ்ச்சி நிரலில் ஏழாவதாகச் சேர்த்தேன். மூன்று தடவை சரிபார்த்தும் மனசு ஆறவில்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் வாக்குகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 27, வியாழன்

ஏழாவது விஷயம் மத்தியானம் வந்தது. சட்ட ஆலோசகரான வக்கீல் எழுந்தார். கெட்டவர் என்று ஒதுக்கிவிடவும் முடியாது; அதுதான் எரிச்சல்.

"ஆதித் திருச்சபையில, நிசேயாவில முந்நூறு பேராயர்கள் எதுக்குக் கூடினாங்க? கிறிஸ்து யாருன்னு சரியான வார்த்தையில சொல்லணும்னு. அந்த ஒரு வார்த்தைக்காக அப்புறம் எத்தன பேர் நாடுகடத்தப்பட்டாங்க. ‘பிதாவோடு ஒரே தன்மையுடையவர்’ — இதக் கையில எப்படிச் சொல்லுவீங்க? சும்மா ஒருத்தர் சொல்லிக் காட்டுங்க பாப்போம்."

குருவானவர் புத்தகத்தைப் புரட்டினார். நான் கேள்வியை அப்படியே எழுதிக்கொண்டேன். வாக்கெடுப்பை நாளைக்குத் தள்ளிவிட்டார்கள்.

நிசேயாவுக்கும் முந்தி, முதல் சங்கத்தில் அப்போஸ்தலர்கள் கூடியதே, புதிதாக வருகிறவர்கள் தலையில் வேண்டாத பாரத்தை ஏற்ற வேண்டாம் என்று முடிவு செய்யத்தானே? அதை ஏன் ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை? நான் சொல்லியிருக்கலாமோ — எழுதுகிறவளுக்கு வாய் ஏது?

சாயங்காலம் வக்கீலின் கேள்வியைக் குட்டியிடம் அப்படியே கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். தீப்பெட்டியை எடுத்து ஒரு குச்சியைக் கிழித்தாள். அதிலேயே இன்னொன்றைப் பற்றவைத்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, எது குறைச்சல் என்று புருவத்தால் கேட்டாள். இரண்டு கையிலும்தான் நெருப்பு இருந்ததே.

பிறகு அதையே வெறும் விரல்களால் செய்து காட்டினாள். அழுதுவிட்டேன். அவளுக்குச் சிரிப்பு, இதற்கா அழுகிறாய் என்று.

மார்ச் 28, வெள்ளி

செய்துவிட்டேன்.

"ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க" என்று பேராயர் சொல்ல வாயெடுத்த நேரம். பேனாவை வைத்துவிட்டு நான் கையைத் தூக்கினேன். எனக்கு ஓட்டு இல்லை என்பதையே மறந்துவிட்டேன் என்று நினைத்து யாரோ சிரித்தார்கள்.

"என்னம்மா?"

எழுந்தேன். "ஐயா, பதினோரு வருஷமா இந்த மேசையில உக்காந்து உங்க கையத்தான் எழுதிட்டு வர்றேன். ஓட்டுன்னு வந்தா ஒருத்தரும் வாயத் தொறந்து சொன்னதில்ல. கையத் தூக்கினா போதும், அது உங்க மனசாட்சியோட வார்த்தைன்னு நான் எழுதிக்கிட்டேன். இப்பவும் கையத் தூக்கித்தான் என் தங்கச்சியோட கை செல்லாதுன்னு சொல்லப் போறீங்களா?"

தீக்குச்சியையும் சொன்னேன். வக்கீல் கேட்டதற்குப் பதில் என்று, விரல்களால் செய்தே காட்டினேன். குட்டி அளவுக்கு எனக்கு வராது, ஆனாலும் புரிந்திருக்கும். மண்டபத்தில் ஒரு இருமல்கூட இல்லை.

பேராயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குறிப்பாளர் பேசினது குறிப்பில ஏறக் கூடாதும்மா. எழுத வேண்டாம். உக்காருங்க."

உட்கார்ந்து எண்ணினேன். இரண்டாம் தடவையும் எண்ணிச் சரிபார்த்தேன். ஆதரவு அறுபத்தொன்று. எதிர்ப்பு ஐம்பத்திரண்டு. ஏழு பேர் தூக்கவே இல்லை. இந்த முறை ‘ஏகமனதாக’ இல்லை, அப்படியே எழுதினேன்.

வக்கீலின் கை கடைசிவரை எதிர்ப்பில்தான். வெளியே போகும்போது என் மேசையருகில் நின்றார். "என் கைய எண்ணிட்டீங்களா?" "எண்ணிட்டேன் ஐயா." தலையாட்டிவிட்டுப் போனார்.

ஏப்ரல் 2, புதன்

பேராய அலுவலகத்திலிருந்து கடிதம். அடுத்த மாமன்றத்துக்கு வேறு குறிப்பாளரை நியமிப்பார்களாம். என் சேவைக்கு நன்றி. இரண்டு வரி; அதிலும் ஒரு எழுத்துப்பிழை.

குட்டியிடம் காட்டினேன். படித்துவிட்டு, இஸ்திரிப் பெட்டி பிடிக்கத் தெரியுமா என்று கேட்டாள்.

மே 4, ஞாயிறு

பேராயர் வந்திருந்தார். குட்டி சபை முன்னால் நின்று கையால் பிரமாணத்தைச் சொன்னாள். நான் குரல் கொடுக்கட்டுமா என்று முந்தியே கேட்டிருந்தேன், வேண்டாம் என்றுவிட்டாள். சொல்லி முடிக்க ஏழு நிமிடம் ஆனது.

பிறகு திருவிருந்து. எங்கள் வரிசை எழுந்தது. பழக்க தோஷத்தில் கைப்பையை அவளிடம் நீட்டினேன். அவள் அதை வாங்கிப் பெஞ்சில் வைத்துவிட்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

நாங்கள் திரும்பி வரும்வரை பை அங்கேயே தனியாக இருந்தது.