குசினிக் கதிரையில் ட்ரம்ஸ்

கிளேட்டன், மெல்பேர்ண்
12.8.1974

அன்புள்ள மனோன்மணிக்கு,

நான் நல்ல சுகம். மாமியின் முழங்கால் நோ குறைந்ததா?

இங்கே குளிரைப் பொறுக்கலாம், பக்கத்து அறை பாவெலைப் பொறுக்க முடியவில்லை. பிராக் நகரில் ஜாஸ் குழுக்களுக்கு ட்ரம்ஸ் வாசித்தவனாம். இப்போது கார்த் தொழிற்சாலையில் வேலை. வீட்டுக்கு வந்ததும் இரண்டு குச்சிகளால், நாங்கள் இருந்து சாப்பிடும் குசினிக் கதிரையில் அடிக்கத் தொடங்கிவிடுவான். எனக்குப் படிக்க வழியில்லை. நேற்று கதிரையே பிளந்துவிட்டது.

"ஒரு ட்ரம்ஸ் வாங்கி எங்கையாவது போய் அடியுமன்!" என்று கத்திவிட்டேன்.

அவன் கோபிக்கவில்லை. "நல்ல ட்ரம்ஸ் ஒண்டை அங்க விட்டிட்டு வந்தனான். இஞ்ச வந்து வாங்கலாம் எண்டு நினைச்சனான். முதல் வேலை தேடினன், பிறகு வீடு தேடினன். இப்ப என்னை ஆர் வாசிக்கக் கூப்பிடப்போகினம்?" என்று தன் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னான்.

கதிரைக்கு நானே ஆணி அடித்துக் கொடுத்தேன்.

கொஞ்சம் மிளகாய்த்தூள் அனுப்பும். இன்னொன்று. உமது வீணை பாரம், இங்கே வரும்போது விட்டுவிட்டு வாரும், இங்கே வாங்கலாம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். அதைக் கேட்க வேண்டாம். சேலைகளை விட்டுவிட்டு வீணையோடு வாரும்.

பஸ் வருகிறது.

உமது,
தில்லைநாதன்