எலெனியின் விரல்கள்

மெல்பேர்ண்,
ஆடி 1976

என் குஞ்சு,

நீ செத்து எட்டு மாதம். நான் இன்னும் அந்த மீன் தொழிற்சாலைக்குத்தான் போகிறேன்.

இன்று ஐஸ் அறையில் நின்ற கிரேக்கப் பெண் எலெனியின் விரல்கள் மெழுகு போல வெளுத்து விறைத்துவிட்டன. அவள் சுடுதண்ணீர்க் குழாயடிக்கு ஓடினாள். போன குளிருக்கு நானும் இப்படித்தான் உப்பு வறுத்து ஒத்தடம் கொடுத்துக் கையைக் கொப்பளித்துப் பொங்க வைத்தேன். "அம்மா, விறைச்ச விரலுக்குச் சூடு தெரியாது, வெந்தாலும் தெரியாது. கமக்கட்டுக்குள்ள வையுங்கோ!" என்று நீ கத்தினாயே.

அவளை இழுத்து, கைகளை என் கமக்கட்டுக்குள், கைக்கும் விலாவுக்கும் இடையில், வைத்து இறுக்கிக்கொண்டேன். எவ்வளவு நேரமோ தெரியாது. வெள்ளை நீலமாகி, பிறகு சிவந்தது. ஊசி குத்துகிற மாதிரி நோகிறதென்று அழுதாள்.

"அழு பிள்ளை. நோகுதெண்டா விரல் பிழைச்சிட்டுது" என்றேன். தமிழில்தான் சொன்னேன், அவளுக்கு விளங்கியது.

யார் சொல்லித் தந்ததென்று சுப்பர்வைசர் கேட்டார். "என்ர மகள், நேர்ஸ்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். அந்த நேரம் எனக்கிருந்த பெருமையை எழுதத் தெரியவில்லை.

நீ இல்லாதது அவருக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை உன்னைக் கூட்டிவந்து எல்லோருக்கும் சொல்லித்தரச் சொல்கிறார். நான் என்ன மறுமொழி சொல்ல, குஞ்சு?

உன் அம்மா