நீங்கள் கழுவிய பாட்டில்கள்

அன்புள்ள அக்கா,

இன்று காலை வண்டிப்பெரியாரிலிருந்து தெர்மாகோல் பெட்டி வந்தது. கொச்சியில் எங்கள் ஆய்வுக்கூடத்து மேசையில் வைத்துப் பிரித்தேன். ஐஸ் பாதி உருகியிருந்தது. ஆற்றுத் தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. எல்லாம் ஒழுங்குதான், சீட்டில் இருந்த கையெழுத்து மட்டும் வேறு. நீங்கள் தேதிக்குக் கீழே பள்ளிக்கூட நோட்டில் போடுவது போல ஒரு கோடு இழுப்பீர்கள். இப்போது உங்கள் இடத்தில் தண்ணீர் எடுக்கும் பெண் கோடு போடவில்லை. அதைப் பார்த்ததும் பெட்டியை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.

நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. அடக்கத்துக்கு நான் வரவில்லை. சேதியே பிந்தித்தான் கிடைத்தது. நேரில் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றைச் சொல்லாமலே நாள் கடத்தினேன். எங்கள் அறிக்கையில் உங்களைப் பற்றி ஒரு வரி இருந்தது அக்கா. அது பொய். எழுதியவள் நான்.

உங்களிடம் நான் முதன்முதலாக வந்த நாளில் நல்ல மழை. கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகும் எஸ்டேட் கிரீச்சில் ஐந்தாறு தொட்டில்கள் ஆடிக்கொண்டிருந்தன. நீங்கள் ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இன்னொன்றுக்குப் பாலூட்டிக்கொண்டிருந்தீர்கள். "ஏனுங்க, இங்கத்த ஆயா நீங்கதானுங்களா" என்று கேட்டேன். சிரித்துவிட்டீர்கள். "எந்த ஊரு தங்கச்சி நீங்க? உங்க ஊர்ல நாயக் கூட வாங்க போங்கன்னுதான் கூப்புடுவீகளோ" என்றீர்கள். பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் என்றேன். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை வந்தேன். ஒருமுறையாவது என் 'ங்க'வைக் கிண்டல் பண்ணாமல் அனுப்பியதில்லை.

அதுவரை நாங்கள் கடலில் மட்டும்தான் அளந்துகொண்டிருந்தோம். வயலுக்கும் தோட்டத்துக்கும் போடும் உரத்தின் சத்து, சாக்கடைத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் எல்லாம் கடைசியில் கடலில் போய்ச் சேருகின்றன. சத்து மிஞ்சினால் பாசி மண்டும், பாசி அழுகினால் மீனுக்கு மூச்சு முட்டும். கடலில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும், எங்கிருந்து வந்தது என்றுதான் தெரியாது. அதனால் மலையிலிருந்து முகத்துவாரம் வரை ஆற்றை இடம் இடமாக அளப்பது என்று முடிவாயிற்று. உங்கள் கிரீச் ஆற்றை ஒட்டி இருந்தது, பால் வைக்க ஃபிரிட்ஜ் இருந்தது, நீங்கள் ஒருநாளும் லீவு போடாதவர். இதைவிட வேறென்ன வேண்டும்?

"கடலுக்கு இங்க என்ன சோலி? வேளாங்கண்ணியில பாத்தேனே, அந்தக் கடலா?" என்று கேட்டீர்கள். அது கிழக்கே இருப்பது, நம் ஆறு அணைகளில் தங்கித் தங்கி மேற்குக் கடலுக்குப் போகிறது என்று விளக்கினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நம்ம துணி அலசுற தண்ணி கொச்சிக்காரவுக வீட்டு மீன்கொழம்புக்குத்தான் போகுதுன்னு சொல்லுங்க" என்றீர்கள். ஆய்வுக்கூடத்தை நடத்தும் எங்கள் சார் பெரிய கூட்டங்களில் அரைமணி நேரம் பேசுவதும் இதைத்தான்.

பாட்டில்களைக் கொடுத்தபோது நான் சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "ரொம்பச் சுத்தமா இருக்கோணுமுங்க அக்கா. துளி அழுக்குப் பட்டாலும் கணக்குத் தப்பிப்போயிரும்." அவ்வளவுதான் சொன்னேன். அந்தப் பாட்டில்களை ஆய்வுக்கூடத்திலேயே அமிலத்தில் அலசித்தான் அனுப்புகிறோம், நீங்கள் ஆற்றுத் தண்ணீரில் முக்கி எடுத்தால் போதும் என்று சொல்லவில்லை. எனக்கு அது தெரிந்த விஷயம். தெரிந்த விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மாதங்கள் போயின. அந்தச் சத்துகளில் ஒன்றான பாஸ்பேட்டைப் பார்க்கும் சோதனையில் தண்ணீர் நீலமாக மாறும். சத்து கூடக்கூட நீலமும் கூடும். மேலே இருந்து வந்த பாட்டில்கள் வெளிர் நீலம், கீழே இருந்து வந்தவையும் வெளிர் நீலம், உங்களுடையவை மட்டும் மை ஊற்றிய மாதிரி நின்றன. உங்கள் இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் துணி துவைக்கும் ஆற்றுக் கடவு. பழி அதன் மேல் விழுந்தது. மழை கொட்டினாலும் வெயில் அடித்தாலும் உங்கள் நீலம் மாறவே இல்லை. ஆறு அப்படி இருக்காது. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கோ ஒரு விடை கிடைத்த சந்தோஷம்.

கடவை வேலி போட்டு அடைப்பது என்று பேச்சு வந்தது. பஞ்சாயத்தில் கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். லயத்துக் குழாயில் தண்ணீர் எப்போது வரும் எப்போது நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். கடவு போனால் அத்தனை வீட்டுத் துணிக்கும் தண்ணீரைக் குடத்தில் சுமந்து மேடு ஏற வேண்டும். நாளெல்லாம் கொழுந்து பறித்த தோளில் அதுவும் ஏறும். நீங்கள் ஒருதடவை போனில் கேட்டீர்கள்: "நான் அனுப்புன தண்ணிய வச்சுத்தானா தங்கச்சி நம்ம கடவ மூடப் போறாக?" ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. பார்க்கலாமுங்க என்றேன்.

கூட்டத்துக்கு முந்தின நாள் புதுப் பாட்டில்களோடு, சொல்லாமல் கொள்ளாமல் கிரீச்சுக்கு வந்தேன். பின்பக்கத்துச் சுவரில் பிள்ளைகளின் பால் பாட்டில்கள் கவிழ்த்துக் காய வைத்திருந்தன. அவற்றோடு அதே வரிசையில் எங்கள் பாட்டில்களும். கீழே வாளியில் சோப்புப் பவுடர் நுரை, பக்கத்தில் பால் பாட்டில் பிரஷ்.

"வாங்க, வாங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்தீர்கள். முகத்தில் அத்தனை பெருமை. "சுத்தமா இருக்கணும்னு சொன்னீகல்ல. பச்சப்புள்ளைக்குக் கழுவுற மாதிரியே ரெண்டு தடவ பவுடர் போட்டுத் தேச்சு, வெந்நி ஊத்தி அலசி வைக்கேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு புள்ளைக்கு என் பாட்டிலால வயித்தால போனது கிடையாது."

அந்தப் பவுடரில்தான் பாஸ்பேட் இருக்கிறது என்று சொன்னேன். கண்ணுக்குத் தெரியாத மிச்சம் போதும், இத்தனை மாதமும் நான் அளந்தது ஆற்றை அல்ல, உங்கள் வாளியை என்று சொன்னேன். நீங்கள் பிரஷை எடுத்து வாளியைவிட்டுத் தள்ளி வைத்தீர்கள். பிறகு கேட்டீர்கள்: "அப்ப நம்ம கடவு தப்பிச்சிருச்சா?"

உங்களுக்கு முதலில் தோன்றியது அது. எனக்கு முதலில் தோன்றியது, சார் என்ன சொல்வார் என்பது. அதை இன்று எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

இந்தக் கோளாறைப் பிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு அக்கா. ஒவ்வொரு தடவையும் ஆய்வுக்கூடத்துச் சுத்தத் தண்ணீரைக் கொடுத்து, அதையும் அங்கேயே ஒரு பாட்டிலில் நிரப்பி, மற்றவற்றோடு திரும்ப வாங்கிச் சோதிக்க வேண்டும். அதை வெற்றுப் பாட்டில் என்போம். அது நீலமானால் பிழை ஆற்றில் இல்லை, பாட்டிலில் என்று தெரிந்துவிடும். எங்கள் விதிமுறையில் அது எழுதியே இருந்தது. பெட்டியில் இடம் போதவில்லை என்று நான்தான் அதை விட்டேன்.

எண்கள் தப்பு என்று மட்டும் சாரிடம் அன்றிரவே போனில் சொல்லியிருந்தேன். கூட்டத்தில் அவர் எல்லார் முன்னாலும், பிழை எப்படி வந்தது என்று என்னைக் கேட்டார். லயத்துப் பெண்கள் சுவர் ஓரமாக நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். நீங்களும் இருந்தீர்கள். வெற்றுப் பாட்டிலைப் பற்றிச் சொல்லத்தான் எழுந்தேன். வாயில் வந்தது வேறு. "சாம்பிள் எடுத்தவங்களோட கவனக்குறைவுங்க."

எல்லாரும் உங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் எழுந்தீர்கள். "நான்தான் கழுவுனேன். தப்பு எம்மேலதான். அதுக்காகக் கடவ அடைச்சிராதீக" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தீர்கள். சுத்தமாக வைக்கச் சொன்னது நான் என்று நீங்கள் சொல்லவில்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை. கூட்டம் முடிந்து வெளியே வந்ததும், "சாப்பிட்டீகளா, மொகம் வாடிக் கெடக்கு" என்று கேட்டீர்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சாப்பிட்டனுங்க என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

வேலி வரவில்லை. வெற்றுப் பாட்டிலோடு திரும்ப அளந்தோம். கடவுக்கு மேலேயும் கீழேயும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. மலையிலிருந்து கடல் வரை எல்லா இடத்துக்கும் இப்போது அந்தப் பாட்டில் போகிறது. 'கழுவ வேண்டாம்' என்று மலையாளத்திலும் தமிழிலும் சீட்டு ஒட்டி அனுப்புகிறோம். எங்கள் வேலை முன்னைவிடச் சீராகியிருக்கிறது என்று பாராட்டுகூட வந்தது. அறிக்கையில் மட்டும் 'மாதிரி சேகரித்தவரின் கவனக்குறைவு' அப்படியே நின்றது. நீங்கள் கடைசி வரை தண்ணீர் எடுத்து அனுப்பினீர்கள், நான் கடைசி வரை அந்த வரியைத் தொடவில்லை. யார் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் கிரீச்சுக்குப் போயிருந்தேன். உங்களோடு வேலை பார்த்த அந்தப் பெண்ணுக்கு முறையைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. வேலை முடிந்த பிறகு, கேட்காமலே சொன்னாள்: "அந்த மீட்டிங்குக்கு அப்புறம் அக்கா ஒரு மாதிரி ஆயிட்டாக. புள்ளைக பாட்டிலக் கழுவி முடிச்சதும் எங்கிட்ட நீட்டுவாக. சோப்பு வாடை இருக்கா மோந்து பாரு, என் மூக்க நம்ப முடியலன்னு சொல்லுவாக. தெனமும் மேடம். ஒவ்வொரு பாட்டிலா."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

மறுநாள் சாரிடம் திருத்தத்தை நீட்டினேன். ஆளே போய்ச் சேர்ந்துவிட்டார், இனி யாருக்காக என்று கேட்டார். மனுஷர் கெட்டவரில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். ஆள் போய்விட்டதால்தான் என்றேன். கையெழுத்துப் போட்டார். அறிக்கை போன எல்லா இடத்துக்கும் இன்று மத்தியானம் அது போய்விட்டது. 'சேகரித்தவர் தமக்குச் சொன்னதைச் சொன்னபடி செய்தார். பாட்டிலைக் கழுவக் கூடாது என்று சொல்லாததும், வெற்றுப் பாட்டில் அனுப்பாததும் என் தவறு.' கீழே என் பெயர் இருக்கிறது.

உங்கள் கை சுத்தமான கை அக்கா. அதை உயிரோடு இருந்தபோதே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். வரியைத் திருத்திவிட்டேன். ஆனால் எத்தனை பிள்ளைகளை வளர்த்த கை அது! அந்தக் கையை நீங்களே நம்பாமல் ஒவ்வொரு பாட்டிலாக நீட்டிக்கொண்டு நின்ற நாள்களை என்னால் திருத்த முடியவில்லை. அவற்றை நான்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள்
தங்கச்சி