ஷூவுக்குள் ஒரு ரப்பர் பல்லி

அன்புள்ள பெரியவளுக்கு,

சொல்வது அப்பா, எழுதுவது உன் தம்பி வால். அம்மாவும் வாலும் நலம். நான் மணிக்கட்டுக்கும் கணுக்காலுக்கும் மேலே நலம். அவற்றுக்குக் கீழே இருப்பவற்றின் நலமறிய எனக்கே ஆவல். (இது என் சேட்டை இல்லை அக்கா, அப்பா சொன்னதேதான். – வால்)

அம்மா போனில் அரைகுறையாகச் சொன்னதைக் கேட்டு என்னைத் திட்டித் தீர்த்தாயே, முழுசாகவே சொல்லிவிடுகிறேன். குடலில் இருந்த கட்டியை எடுத்த பிறகு, மிச்சம் மீதி இருந்தால் ஒழியட்டும் என்று ஊசி வழியாக ஏற்றுகிறார்களே, அந்த மருந்து செய்த வேலைதான் இது. முதலில் குளிர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. பிரிட்ஜில் இருக்கும் பால் பாக்கெட்டைத் தொட்டால் விரலில் கரண்ட் அடித்தது. கையுறை போட்டுக்கொண்டு எடுத்தேன்; சொந்த வீட்டுக்கே திருட வந்த ஆள் மாதிரி இருக்கீங்க என்றாள் உன் அம்மா. அது நாலைந்து நாளில் போய்விடும். அப்புறம் போகாத ஒன்று வந்தது. விரல் நுனிக்குள் பஞ்சை வைத்துத் தைத்த மாதிரி ஆகிவிட்டது. மூக்குக் கண்ணாடித் திருகு எள்ளை விடச் சின்னது, உனக்கே தெரியும். இத்தனை வருஷம் அதை நான் கண்ணால் தேடியதே இல்லை, விரலே எடுத்துக் கொடுக்கும். இப்போது இடுக்கியைப் பிடித்திருக்கிறேனா விட்டுவிட்டேனா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். கண்ணாடிக் கடைத் தரையெல்லாம் திருகு. முதலாளி கேட்டார், இடுக்கி தேய்ந்துபோச்சு என்றேன்; பாவம், புதுசு வாங்கிக் கொடுத்தார். அதுவும் தேய்ந்துபோச்சு என்று எந்த முகத்தோடு சொல்வது?

வீட்டில் மூச்சு விடவில்லை. மாட்டிவிட்டவன் வால்தான். என் ஷூவுக்குள் ரப்பர் பல்லியைப் போட்டுவிட்டு, நான் எகிறிக் குதிப்பதைப் பார்க்கக் கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறான். நான் காலை விட்டேன், கடைக்குப் போனேன், வேலை பார்த்தேன், சாயங்காலம் வந்து கழற்றினேன். பல்லி தகடாகக் கிடந்தது. உள்ளங்காலில் கொப்புளம் உடைந்து சாக்ஸெல்லாம் இரத்தம். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. வால் சிரிப்பான் என்று பார்த்தால், அழுதுகொண்டே அம்மாவைக் கூப்பிட்டான். (அழவில்லை, கத்தினேன். இரண்டும் வேறு. – வால்) வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும், சொன்னா என்ன என்று அம்மா பிடித்துக்கொண்டாள். அவள் கேட்டதும் நியாயம்தான். என் உடம்பில் இந்த மருந்துக்குத் தப்பியது நரம்பில்லாத நாக்கு ஒன்றுதான், அதையும் டாக்டர் முன்னால் பூட்டி வைத்திருந்தேன். காரணம் இதுதான்: இன்னும் மூன்று தடவை ஏற்ற வேண்டும். மரத்துப்போகிறது என்று சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்று பக்கத்துப் படுக்கை லாரி டிரைவர் சொன்னார். நிறுத்தினால் கட்டி திரும்பி வருமோ என்று பயம். நிறுத்தாவிட்டால் விரல் திரும்பி வராமலே போகலாம் என்று சொன்னவரும் அவரேதான். மனுஷன் எதையும் பாதியில் விடுவதில்லை.

போகட்டும். நீ சொன்னபடி டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அளவைக் குறைத்துப் பார்க்கலாம் என்றார். அதனால் லீவு போட்டுக்கொண்டு ஓடி வராதே. வேளைக்குச் சாப்பிடு. கண்ணாடி தளர்ந்தால் குண்டூசி செருகிச் சமாளிக்காதே, எடுத்து வை, வரும்போது நான் திருகு போட்டுத் தருகிறேன். நோய் நொடி அண்டாமல் இரு. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா

அக்கா, உறையை ஒட்டச் சொல்லிவிட்டு அப்பா எழுந்து போய்விட்டார், இனிமேல் நான். டாக்டரிடம் சொல்லிவிட்டேன் என்பது மட்டும் புளுகு. கூடப் போனவன் நான். கை கால் எப்படி இருக்கு என்று டாக்டர் கேட்டார். ஜம்முனு இருக்கு டாக்டர் என்று சொல்லிவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை மறுபடியும் போகிறோம். அவர் ஜம் என்பதற்குள் நான் சொல்லிவிடுவேன். இது உன் கைக்கு வரும்போது சொல்லி முடித்திருப்பேன். அப்பா போன் செய்து, இவன் எனக்குப் பிள்ளையே இல்லை என்று கத்துவார். கொஞ்ச நேரம் கத்த விடு. அப்புறம், டாக்டர் என்ன சொன்னார் என்று கேள்.

வால்